டிலோவே எங்கே இருக்கிறது, அது எதற்கு மையம்?

உங்கள் கேள்வியைச் சுருக்கினால் இதுதான். பள்ளி வினாடி வினாவுக்காக உக்ரைனில் உள்ள டிலோவே என்ற சிறு கிராமத்தைப் பற்றி அடிப்படை விவரம் தேடியிருக்கிறீர்கள். ஓர் இடத்தில் ஊர்ப் பெயர் டிலோவே, இன்னோர் இடத்தில் டெலோவோயே, மூன்றாவதில் ட்ரெபுஷானி. மாவட்டம், மக்கள்தொகை, உயரம் எதுவும் ஒன்றோடொன்று ஒத்துவரவில்லை. போதாததற்கு ‘ஐரோப்பாவின் புவியியல் மையம் இதுதான்’ என்று ஒரு வரி. எதை நம்பி எழுதுவது, அங்கே போவது எப்படி என்று கேட்கிறீர்கள். மேலோட்டமாகப் பார்த்தால் இது ஊர் விவரம் கேட்கிற கேள்வி. எனக்கென்னவோ, ஒரே ஊருக்கு ஏன் இத்தனை பதில்கள் என்பதைத்தான் நீங்கள் கேட்பதாகத் தோன்றுகிறது. அதற்கே பதில் சொல்லப் பார்க்கிறேன். ஊர் விவரமும் போகிற போக்கில் வந்துவிடும்.

நான் படித்தது நில அளவை. ஆனால் பதினைந்து வருடமாகப் பிழைப்பு ஓடுவது வரைபடத் தரவுகளைத் திருத்துகிற வேலையில். கிழக்கு ஐரோப்பிய ஊர்ப் பெயர்கள் அடிக்கடி என் மேசைக்கு வரும். அந்தப் பக்கம் ஒரே ஒரு முறை, போருக்கு முன்னால், போய் வந்திருக்கிறேன். உக்ரைனிய எழுத்தைத் தடுமாறாமல் படிப்பேன். ஹங்கேரியம் என்றால் அகராதி வேண்டும். அதனால் பெயர்களின் வேர் ஆராய்ச்சிக்குள் நான் இறங்கப் போவதில்லை. அளவீடு, எல்லை, நிர்வாகம் ஆகியவற்றைப் பற்றி மட்டும் துணிந்து பேசுவேன்.

முதலில் இடம். டிலோவே உக்ரைனின் தென்மேற்கு மூலையில், கார்பாத்திய மலைகளுக்குள், டிஸா ஆற்றங்கரையில் இருக்கிறது. மாகாணம் ஸகர்பாத்தியா. ‘கார்பாத்தியத்துக்கு அப்பால்’ என்று அந்தப் பெயருக்கு அர்த்தம். கீவிலிருந்து பார்ப்பவர்களுக்குத்தான் அது அப்பால். மாவட்டம் ராஹிவ். ராஹிவ் ஊருக்குச் சற்று மேலே கறுப்பு டிஸா, வெள்ளை டிஸா என்ற இரண்டு மலை ஆறுகள் சேர்ந்து ஒரே டிஸாவாகித் தெற்கே இறங்குகின்றன. இறங்குகிற வழியில், ராஹிவிலிருந்து சாலையில் சுமார் 15 கிலோமீட்டரில் டிலோவே வட்டாரம். அதைத் தாண்டியதும் ருமேனியப் பக்கத்திலிருந்து விஷெவு ஆறு வந்து டிஸாவில் கலக்கிறது. அங்கிருந்து டிஸா மேற்கே திரும்பி, இரு நாடுகளுக்கும் எல்லைக்கோடாகவே ஓடுகிறது. ஆக, இந்த ஊரை ‘ஆறு எல்லையாக மாறுகிற முனை’ என்று மனத்தில் வைத்துக்கொண்டால் எந்த வரைபடத்திலும் விரல் தானாகப் போய் நிற்கும். டிஸா அப்புறம் ஹங்கேரிச் சமவெளி முழுக்க அலைந்து, மொத்தம் 966 கிலோமீட்டர் ஓடி, செர்பியாவில் டான்யூப் நதியில் சேர்கிறது.

கிழக்கே மர்மரோஷ் மலைத்தொகுதி எழும்புகிறது. உக்ரைன் பக்கத்தில் அதன் உச்சியான பிப் இவான் 1,930 மீட்டருக்கு மேல். எல்லைக்கோடு அந்த முகட்டின் மேலேயே போகிறது. உக்ரைனின் மிக உயர்ந்த சிகரமான ஹோவெர்லாவும் (2,061 மீட்டர்) இதே ராஹிவ் மாவட்டத்தின் விளிம்பில்தான் நிற்கிறது. இதனால்தான் உயரக் கணக்கு இடிக்கிறது. ராஹிவ் நகரம் ஏறக்குறைய 430 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஆற்றோட்டத்தில் கீழே இருக்கிற டிலோவே அதைவிடத் தாழ்வு. ஆனால் ஊர் எல்லைக்குள் ஓடைப் பள்ளத்தாக்குகள் மேலே ஏறிக்கொண்டே போகின்றன. கோவிலடியில் எடுத்த உயரமும் மேல் வீட்டு வாசலில் எடுத்த உயரமும் ஒன்றாக இருக்காது. மலை கிராமத்துக்கு ஒற்றை எண்ணில் உயரம் சொல்வதே ஒரு வசதிக்குத்தான்.

பெயருக்கு வருவோம். ஹங்கேரிய ஆட்சிக் காலத்து வரைபடங்களில் இந்த ஊர் தெரெபெஷ்ஃபெயேர்பதக். நாக்கைச் சுழற்றுகிற பெயர்தான். ‘ஃபெயேர்’ என்றால் வெள்ளை, ‘பதக்’ என்றால் ஓடை. பிப் இவான் பக்கமிருந்து இறங்குகிற ‘பீலி’ என்ற ஓடையின் பெயருக்கும் உக்ரைனிய மொழியில் வெள்ளை என்றே பொருள். செக்கோஸ்லோவாக்கியா காலத்தில் ஊர் ட்ரெபுஷானி. 1946-இல், இந்த நிலம் சோவியத் கைக்கு வந்த மறு வருடம், ஸகர்பாத்தியாவின் ஊர்ப் பெயர்கள் பலவற்றை மாற்றினார்கள்; அப்போது வந்ததுதான் டிலோவே. அதன் ரஷ்ய வடிவம் டெலோவோயே. பழைய அட்லஸ்களில் நீங்கள் பார்த்தது அதைத்தான். பக்கத்து ஊரான கொஸ்திலிவ்காவும் அதற்கு முன்னால் பெர்லெபாஷ். எனவே உங்களுக்குக் கிடைத்த பெயர்களில் எதுவும் தப்பில்லை. ஒவ்வொன்றும் ஓர் ஆட்சியின் பெயர். இன்றைக்கு எழுதுவதானால் டிலோவே என்று எழுதுங்கள்.

பழைய பெயர் செத்துவிடவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். கார்பாத்தியப் பீச் மரக் காடுகள் 2007-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தபோது, அதன் ஒரு பகுதிக்கு ‘குஸி–ட்ரிபுஷானி’ என்றே பெயர். மனிதக் கை அதிகம் படாத பழங்காடு அது. அரசாங்கம் பலகையை மாற்றினாலும் காட்டுக்காரர்களும் நிலவியல்காரர்களும் பழைய பெயரை விடமாட்டார்கள். இந்த வட்டாரத்துப் பளிங்குக் கல் படிவத்துக்கும் ட்ரெபுஷானி பெயர்தான் நிலவியல் ஏடுகளில் இருக்கிறது. சவுல்யாக் என்ற தங்கப் படிவமும் இந்த ஊரை ஒட்டியதுதான்.

ஒரு நூற்றாண்டில் இந்த ஊர் எத்தனை நாட்டில் இருந்தது என்பதை ஒரே மூச்சில் சொல்லலாம். 1918 வரை ஆஸ்திரியா–ஹங்கேரி, மாராமரோஷ் மாவட்டம். முதல் உலகப்போருக்குப் பின் செக்கோஸ்லோவாக்கியா. 1939 மார்ச்சில் கார்பாத்திய உக்ரைன் என்று விடுதலை அறிவித்து, அறிவித்த கையோடு ஹங்கேரியிடம் வீழ்ந்தது. 1944 அக்டோபரில் செம்படை வந்தது, 1945 ஜூனில் ஒப்பந்தம் போட்டு சோவியத் யூனியன், 1991-லிருந்து உக்ரைன். ஸகர்பாத்தியாவில் ஒரு வேடிக்கைக் கதை எல்லோருக்கும் தெரியும். ஒரு கிழவர் தான் ஐந்து நாட்டில் வாழ்ந்ததாகச் சொல்வாராம். ‘அடேயப்பா, நிறைய ஊர் சுற்றியிருக்கிறீர்களே!’ என்றால், ‘நான் வீட்டு வாசல் தாண்டவில்லை ஐயா’ என்பாராம். சிரிப்பாகச் சொன்னாலும், தரவுத் திருத்துகிறவனுக்கு இது தலைவலி. ‘பிறந்த இடம்: ட்ரெபுஷானி, செக்கோஸ்லோவாக்கியா’ என்று ஒருவர் ஆவணத்தில் இருந்தால் அதைத் திருத்தவும் கூடாது, இன்றைய வரைபடத்தில் தேடவும் முடியாது.

நிர்வாகத்தில் நிறைய பேர் தடுக்கி விழுவார்கள். உக்ரைனில் மாகாணம் ‘ஓப்லாஸ்ட்’, மாவட்டம் ‘ராயோன்’, அதற்குக் கீழே ‘ஹ்ரொமாதா’. கடைசியாகச் சொன்னதை நம் வழக்கில் ஊராட்சிக் கூட்டு என்று வைத்துக்கொள்ளலாம்: ஒரு நகரமோ பெரிய ஊரோ தலைமை, சுற்றியுள்ள கிராமங்கள் அதற்குள். முன்பு கிராமத்துக்குக் கிராமம் தனி மன்றம் இருந்தது. 2020 ஜூலையில் நாடு முழுக்க 490 ராயோன்களை 136 ஆக்கினார்கள். ஸகர்பாத்தியாவில் 13 இருந்தது 6 ஆயிற்று. ராஹிவ் தப்பிப் பிழைத்த ஆறில் ஒன்று. அதனால் டிலோவேக்கு ராயோன் பெயர் மாறவில்லை. கீழ்மட்டம்தான் மாறியது: இப்போது ராஹிவ் நகர ஹ்ரொமாதாவுக்குள் வருகிறது. ‘டிலோவே கிராம மன்றம்’ என்று எங்காவது பார்த்தால் அது 2020-க்கு முந்திய தகவல் என்று புரிந்துகொள்ளுங்கள். அதே வருட நவம்பரில் ஊர்களுக்கான அரசு எண் குறியீட்டு முறையையே மாற்றிவிட்டார்கள். பழைய எண்ணும் புதிய எண்ணும் இணையத்தில் கலந்து கிடக்கின்றன.

இன்னொரு மாற்றம் சமீபத்தியது. ‘நகர வகைக் குடியிருப்பு’ என்று சோவியத் காலத்திலிருந்து ஒரு வகை இருந்தது. நகரமும் இல்லை, கிராமமும் இல்லை என்கிற நடுநிலை. 2024 ஜனவரி 26 முதல் அந்த வகையே சட்டத்தில் கிடையாது. டிலோவேயிலிருந்து ஆற்றோடு கீழே போனால் வருகிற வெலிகி பிச்கிவ் அந்த வகையில் இருந்தது. இப்போது வெறும் ‘செலிஷ்சே’, அதாவது குடியிருப்பு. டிலோவே எப்போதும் போல ‘செலோ’, கிராமம்.

மக்கள்தொகை பற்றி நேராகச் சொல்லிவிடுகிறேன். சுதந்திர உக்ரைன் ஒரே ஒரு முறைதான் முழு மக்கள்தொகைக் கணக்கெடுப்பு நடத்தியது: 2001 டிசம்பர் 5-ஐ ஆதாரத் தேதியாக வைத்து. அடுத்தது தள்ளிப்போய்த் தள்ளிப்போய், போர் வந்துவிட்டது. எனவே எந்தச் சிறு கிராமத்துக்கும் நீங்கள் பார்க்கிற துல்லியமான எண், கடைசி இலக்கம் வரை, 2001-இன் எண்தான். பக்கத்தில் வருடம் போடாமல் விட்டிருப்பார்கள், அவ்வளவுதான். அதற்குள் ஒரு தலைமுறை வேலைக்காகச் செக் குடியரசுக்கும் போலந்துக்கும் போய்விட்டது. 2022-க்குப் பின் கிழக்கிலிருந்து இடம்பெயர்ந்தவர்கள் ஸகர்பாத்தியாவுக்கு வந்தும் இருக்கிறார்கள். டிலோவே சில ஆயிரம் பேர் வாழும் ஊர் என்று எழுதினால் தவறில்லை. அதற்கு மேல் துல்லியம் வேண்டுமென்றால் எண்ணோடு ‘2001 கணக்கெடுப்பு’ என்று சேர்த்தே எழுத வேண்டும்.

ஒரு எச்சரிக்கை, சொந்த அனுபவத்திலிருந்து. இதே ராஹிவ் மாவட்டத்தில், டிஸா கரையில், பீலா த்செர்க்வா என்று ஒரு கிராமம் இருக்கிறது. ‘வெள்ளைத் தேவாலயம்’ என்று பொருள், மக்கள் பெரும்பாலும் ருமேனிய மொழி பேசுபவர்கள். கீவுக்குத் தெற்கே அதே பெயரில் இரண்டு லட்சம் பேர் வாழும் நகரமும் இருக்கிறது. வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம், பெயரை மட்டும் வைத்து இரண்டு பட்டியல்களை இணைத்தேன். அச்சுக்குப் போகிற முந்தின நாள் மூத்தவர் ஒருவர் திரையை எட்டிப் பார்த்து, ‘ஏம்ப்பா, ருமேனிய எல்லையில் இவ்வளவு பெரிய வட்டம் எதுக்கு?’ என்றார். எல்லை கிராமத்தின் தலையில் இரண்டு லட்சம் பேரை ஏற்றியிருந்தேன். அன்று முதல் உக்ரைனிய ஊர் எதையும் பெயரால் மட்டும் நான் அடையாளம் காண்பதில்லை. பெயர், ராயோன், ஆள்கூறு மூன்றும் ஒத்துவர வேண்டும். இவானிவ்கா என்ற பெயரில் மட்டும் அந்த நாட்டில் டஜன் கணக்கில் ஊர்கள் உண்டு.

இனி, நீங்கள் உண்மையில் ஆவலோடு கேட்ட மையம். சாலையோரத்தில், ராஹிவுக்கும் டிலோவேக்கும் நடுவில், டிஸாவைப் பார்த்தபடி ஒரு பழைய கல் நிற்கிறது. இருக்கும் இடம் ஏறக்குறைய வடக்கு 47 பாகை 58 கலை, கிழக்கு 24 பாகை 11 கலை (ஒரு பாகைக்கு 60 கலை). 1887 என்று ரோமன் எண்ணில் பொறித்திருக்கிறது. பக்கத்திலேயே 1977-இல் சோவியத் காலத்தில் எழுப்பிய உயரமான தூண். சுற்றுலாப் பேருந்துகள் நிற்கும், ஆட்கள் கல்லைக் கட்டிப்பிடித்துப் படம் எடுத்துக்கொள்வார்கள், பக்கத்தில் மர உணவகத்தில் பானோஷ் கிடைக்கும். சோள மாவைப் பாலாடையில் கிளறி, மேலே ஆட்டுப்பால் பாலாடைக்கட்டியை உதிர்த்துப் போடுகிற, ஹூத்ஸுல் என்ற இந்த மலைவாழ் மக்களின் சாப்பாடு அது. பசி நேரத்தில் ஐரோப்பாவின் மையத்தைவிட அதுதான் எனக்கு முக்கியமாகப்பட்டது.

கல்லில் உள்ள வாசகம் லத்தீன். ‘லோகுஸ் பெரென்னிஸ்’ என்று தொடங்குகிறது: நிலையான இடம், என்றும் மாறாத இடம். தொடர்ந்து, ஆஸ்திரியா–ஹங்கேரியில் செய்த மட்ட அளவையை, அதாவது உயரங்களை அளக்கிற வேலையைப் பற்றியும், பூமியின் வடிவை அறியச் செய்த ஐரோப்பிய பாகை அளவீட்டைப் பற்றியும் சொல்கிறது. ‘மையம்’ என்ற சொல் அதில் எங்கேயும் இல்லை. இது என் கண்டுபிடிப்பு இல்லை; நில அளவை வரலாறு படித்தவர்கள் பல காலமாகச் சொல்வதுதான். அந்தக் கல் ஓர் உயரக் குறிக்கல். கடல் மட்டத்திலிருந்து இந்த இடம் இத்தனை மீட்டர் என்பதை மிகத் துல்லியமாக அளந்து, அதிலிருந்து மற்ற உயரங்களைக் கணக்கிட வசதியாக, பாறை உறுதியாக இருக்கிற இடத்தில் நட்டு வைத்த ஆதாரக் கல். ரயில் நிலையப் பலகைகளில் ‘கடல் மட்டத்துக்கு மேல் இத்தனை மீட்டர்’ என்று எழுதியிருப்பார்களே, அந்த எண் எங்கிருந்தோ ஒரு கல்லிலிருந்துதான் வந்து சேர்ந்திருக்கும்.

ஆஸ்திரியா–ஹங்கேரி இப்படி ஏழு முதன்மைக் கற்களைப் பேரரசெங்கும் நட்டது. டிலோவே ஒன்று. மற்றவை இன்றைய செக் நாட்டில் லிஷோவ், ஸ்லோவாக்கியாவில் ஸ்த்ரெச்னோ, ஹங்கேரியில் நதாப், ஸ்லோவேனியாவில் ரூஷே, இத்தாலியின் வட மலைப்பகுதியில் ஃபொர்தெஸ்ஸா, ருமேனியாவில் துர்னு ரோஷு. ஒரு பேரரசின் ஏழு கற்கள் இப்போது ஏழு நாட்டில். லிஷோவ் கல்லையும் ஐரோப்பாவின் மையம் என்று உள்ளூரில் சொல்வார்கள் என்பதைக் கேட்டபோது எனக்கு விஷயம் பளிச்சென்று விளங்கியது. லத்தீன் தெரியாதவர்கள், கம்பீரமான கல், ‘ஐரோப்பா’ என்ற சொல். மீதியைக் கற்பனை பார்த்துக்கொண்டது.

இந்தக் கற்களின் உயரம் எல்லாம் இத்தாலியின் திரியெஸ்தே துறைமுகத்தில் 1875-இல் எடுத்த சராசரிக் கடல் மட்டத்திலிருந்து கணக்கிடப்பட்டவை. சோவியத் நாடு வந்ததும் ஆதாரம் பால்டிக் கடலோரம் குரோன்ஷ்தாத் துறைமுகத்துக்கு மாறிவிட்டது. கடல் எல்லா இடத்திலும் ஒரே மட்டம் என்று நினைப்போம், இல்லை. ஹங்கேரியில் இந்த இரண்டு ஆதாரங்களுக்கும் வித்தியாசம் சுமார் 67 சென்டிமீட்டர். ஆக, ஒரே கல்லுக்கு இரண்டு உயரம், இரண்டும் சரி. தீர்க்கரேகைக்கும் அதே கதி. பேரரசின் ராணுவ வரைபடத் தாளை முதன்முதலில் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தபோது, விளிம்பில் 24 பாகை இருக்க வேண்டிய இடத்தில் 41 பாகை 51 கலை வாக்கில் இருந்தது. அச்சுப்பிழை என்றே நினைத்துவிட்டேன். பிறகுதான் தெரிந்தது: அந்தக் காலத்து வரைபடக்காரர்கள் கிரீன்விச்சிலிருந்து எண்ணவில்லை, கானரித் தீவுகளில் உள்ள ஃபெர்ரோவிலிருந்து எண்ணினார்கள். ஃபெர்ரோ கிரீன்விச்சுக்கு மேற்கே 17 பாகை 40 கலை. கழித்துப் பாருங்கள், 24 பாகை 11 கலை வந்துவிடும்.

சரி, வாசகத்தில் இல்லாவிட்டாலும் அது மையமாக இருக்கலாமே என்று கேட்கலாம். ஒரு எளிய கணக்குப் போடுவோம். ஐரோப்பியப் பெருநிலத்தின் வடக்கு முனை நார்வேயில், ஏறக்குறைய 71 பாகை 8 கலை. தெற்கு முனை ஸ்பெயினில் தரிஃபா, 36 பாகை. இரண்டுக்கும் நடு, 53 பாகை 34 கலை. டிலோவே இருப்பதோ 47 பாகை 58 கலையில். ஐந்தரைப் பாகைக்கு மேல் தெற்கே. கிலோமீட்டரில் 600-க்கும் மேல். இது கரடுமுரடான கணக்கு என்பதை ஒப்புக்கொள்கிறேன். முனைகளின் நடுப்புள்ளி வேறு, நிலப்பரப்பின் ஈர்ப்பு மையம் வேறு. தீவுகளைச் சேர்ப்பதா விடுவதா, யூரல் மலையில் எந்த ஓரத்தை எல்லை என்பது, காக்கசஸ் உள்ளேயா வெளியேயா என்பதைப் பொறுத்து எந்த முறையிலும் புள்ளி நகரும். ஆனால் இவ்வளவு தெற்கே இழுத்து வருவதற்கு ரொம்பச் சிரமப்பட வேண்டும்.

போட்டியாளர்களும் குறைவில்லை. 1989-இல் பிரெஞ்சு தேசியப் புவியியல் நிறுவனம் கணக்கிட்டு, லிதுவேனியத் தலைநகர் வில்னியஸுக்கு வடக்கே 26 கிலோமீட்டரில் பூர்னுஷ்கேஸ் கிராமத்தருகே புள்ளி வைத்தது. அதுவும் டிலோவேயும் தெற்கு வடக்காக 770 கிலோமீட்டர் தள்ளி. போலந்தின் சுகோவோலா 1775-இலிருந்தே உரிமை கொண்டாடுகிறது. பெலாரஸில் போலோத்ஸ்க், ஸ்லோவாக்கியாவில் க்ரெம்னித்ஸ்கே பானே, எஸ்தோனியாவில் சாரெமா தீவு என்று ஆளுக்கொரு கல் வைத்திருக்கிறார்கள். இவற்றில் கணக்கு முறை ஓரளவு வெளிப்படையாக இருப்பது லிதுவேனியப் புள்ளிக்குத்தான் என்பது என் அபிப்பிராயம். ஆனால் அதுவும் ‘ஐரோப்பா எது’ என்ற தேர்வைச் சார்ந்ததுதான். எனவே டிலோவே ‘ஐரோப்பாவின் மையம்’ என்பது மரபு. 1887-இன் முதன்மை உயரக் கல் என்பது உறுதி. கேட்டால், இரண்டாவதுதான் எனக்குப் பெருமையான விஷயம். ஆனால் அதற்குச் சுற்றுலாப் பேருந்து வராது.

அங்கே போக வழி கேட்டிருந்தீர்கள். இதிலும் ஒரு சுவாரசியம். டிஸா ஓரமாக ஓடுகிற ரயில் பாதை 1890-களின் நடுவில், எல்லாம் ஒரே பேரரசாக இருந்தபோது போட்டது. ஆற்றின் எந்தக் கரை வசதியோ அந்தக் கரையில் போட்டுக்கொண்டே போனார்கள். பேரரசு உடைந்ததும் பாதையின் ஒரு துண்டு ருமேனியாவில் மாட்டிக்கொண்டது. செக்கோஸ்லோவாக்கியா காலத்தில் அதன் ரயில்கள் ருமேனிய மண் வழியாகக் கடந்து மீண்டும் தன் நாட்டுக்குள் நுழைந்தன. இன்றைக்கும் ராஹிவிலிருந்து சொந்த மாகாணத் தலைநகரான உஷ்ஹொரொதுக்கு உக்ரைனுக்குள்ளேயே நேர் ரயில் பாதை கிடையாது. மலையைச் சுற்றி இவானோ-ஃப்ராங்கிவ்ஸ்க், லிவிவ் என்று போக வேண்டும். சாலையில் போனால் ஏறக்குறைய 200 கிலோமீட்டரில் முடிந்துவிடும். பல வருடம் தூங்கிக் கிடந்த எல்லை தாண்டும் பாதையைச் செப்பனிட்டு, 2023 ஜனவரியில் ராஹிவிலிருந்து டிலோவே வழியாக ருமேனியாவின் வாலியா விஷெவுலுய் வரை மறுபடி பயணிகள் ரயில் விட்டார்கள். இப்போதைய அட்டவணையை நம்பி நீங்கள் எதையும் எழுத வேண்டாம். போர்க்காலத்தில் அது மாறிக்கொண்டே இருக்கும்.

போர்க்காலம் என்றதும் ஒன்றைச் சொல்லாமல் விட முடியவில்லை. இந்த ஊர் இன்று சுற்றுலா வரைபடத்தைவிட எல்லைக் காவல் வரைபடத்தில்தான் அதிகம் பேசப்படுகிறது. படையில் சேரும் வயதுள்ள ஆண்கள் நாட்டைவிட்டு வெளியேறத் தடை இருக்கிறது. டிஸாவையும் மர்மரோஷ் மலையையும் கடக்க முயன்று பலர் இறந்திருக்கிறார்கள். கோடையில் ஆற்றைப் பார்த்தால் நடந்தே கடக்கலாம் போலிருக்கும். ஆனால் மலை ஆறு. குளிர்ச்சியும் இழுப்பும் கரையில் நிற்பவருக்குத் தெரியாது. 1998 நவம்பரிலும் 2001 மார்ச்சிலும் இதே டிஸா ஸகர்பாத்தியாவின் பல இடங்களை வெள்ளத்தில் மூழ்கடித்தது. பிப் இவான் மலையேற்றமும் அமைதிக் காலத்திலேயே எல்லைக் காவலுக்குத் தெரிவித்துவிட்டுப் போக வேண்டிய ஒன்று.

கடைசியாக நேரம். இது எந்தத் தகவல் பெட்டியிலும் இருக்காது. நான் போனபோது ராஹிவில் ஒரு கடையில், டிலோவே பக்கம் போகிற மார்ஷ்ருத்கா, அதாவது ஷேர் வேன், எத்தனை மணிக்கு என்று கேட்டேன். கடைக்கார அம்மா வண்டி வரும் நேரத்தைச் சொன்னார். சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்து, ‘கீவ் நேரம் சொன்னேன், நம்ம நேரம் இல்லை’ என்றார். ஸகர்பாத்தியாவில் பலர் வீட்டுக் கடிகாரத்தைக் கீவுக்கு ஒரு மணி நேரம் பின்னால், மத்திய ஐரோப்பிய நேரத்தில் வைத்திருக்கிறார்கள். ‘உள்ளூர் நேரம்’ என்பார்கள். அலுவலகம், ரயில் எல்லாம் கீவ் நேரம். கல்யாணத்துக்கு அழைத்தால் எந்த நேரம் என்று கேட்டுக்கொள்ள வேண்டும்.

அன்றிரவு விடுதியில் உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். கீவின் குளிர்கால நேரம் 30 பாகை கிழக்குத் தீர்க்கரேகைக்கானது, மத்திய ஐரோப்பிய நேரம் 15 பாகைக்கானது. ஒரு பாகைக்கு 4 நிமிடம். டிலோவே 24 பாகை 11 கலையில் இருப்பதால் அங்கே சூரியன் கீவ் கடிகாரத்துக்கு 23 நிமிடம் பின்னால், மத்திய ஐரோப்பியக் கடிகாரத்துக்கு 37 நிமிடம் முன்னால். சூரியனைக் கேட்டால் கீவ் பக்கம்தான் சாட்சி சொல்லும். மேற்கே உஷ்ஹொரொதில் கேட்டால் மயிரிழையில் மாற்றிச் சொல்லும். அந்த நகரம் இரண்டுக்கும் நடுவான 22 பாகை 30 கலைக் கோட்டை ஒட்டி மேற்கே இருக்கிறது. டிலோவேக்காரர்களிடம் இதைச் சொல்லிப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

வினாடி வினாவுக்கு வருகிறேன். ‘ஐரோப்பாவின் மையம் எந்தக் கிராமம்?’ என்று கேட்காதீர்கள். லிதுவேனியா என்று எழுதிய பிள்ளைக்கும் மதிப்பெண் கொடுக்க வேண்டிவரும். ‘1887-இல் ஆஸ்திரியா–ஹங்கேரி நட்ட உயரக் குறிக்கல் ஒன்று, பிற்காலத்தில் ஐரோப்பாவின் மையம் என்று புகழ்பெற்றது. இன்று அது உக்ரைனின் எந்த ஆற்றங்கரையில் இருக்கிறது?’ என்று கேளுங்கள். விடை டிஸா. ஆற்றின் பெயர் மட்டும் ஐந்து ஆட்சியிலும் பெரிதாக மாறவில்லை.